பூச நாள் மருந்து

ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்றான கௌமாரபிருத்தியம் என்னும் குழந்தை வைத்தியத்துக்கு ஆதார கிரந்தமென்று போற்றப்படும் காசியப சம்ஹிதை, பொன்னைத் தூய கல்லில் நீர்விட்டு இழைத்துத் தேனும் நெய்யும் கூட்டிச் சிசுவுக்குப் புகட்டும் ஸ்வர்ணப்பிராசனத்தை எத்துணை ஆர்வத்தோடு விதிக்கின்றதோ, அத்துணைக் கண்டிப்போடு, அஜீரணமும் ஜ்வரமும் உள்ள குழந்தைகளுக்கு இத்தகைய லேகனங்களை, அதாவது நக்கச் செய்யும் மருந்துகளை, விலக்கவும் செய்கின்றது. இன்று பூச நட்சத்திரந்தோறும் முகாம் அமைத்து, வரிசையில் வரும் குழந்தைகளுக்கெல்லாம் நாடி பாராமல் ஒரே சொட்டு மருந்தை வார்த்து அனுப்புகிறவர்கள், விதியை மனனம் செய்துகொண்டு விலக்கைச் சௌகரியமாக மறந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. (சாஸ்திரத்தைப் பாதியாகப் படிப்பது நம்மவர்க்குப் புதிதன்று.) ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் தேன் கொடுத்தால், அதில் தங்கியிருக்கக்கூடிய கிருமி வித்துக்களால் தசைகளைத் தளரச் செய்யும் பொட்டுலிசம் நேரலாம் என்று நவீன வைத்தியம் எச்சரிக்கிறது. மேலும், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. தாய்மார்களே, எண்ணெய்க் காப்பும் தாய்ப்பாலும் காலத்து உறக்கமும் தாராளமாக நடக்கட்டும். மருந்தை மட்டும், பதிவுபெற்ற வைத்தியர் குழந்தையைப் பரீட்சித்த பின்னரே கொடுங்கள். அதை நம்பித் தடுப்பூசியின் ஒரு தவணையையும் தள்ளிப்போடாதீர்கள்.