கருவிப் பலகையின் பின்புறம்

கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவோர் அதன் வெளியழகைக் கண்டே மயங்குகின்றனர். வாங்கிய மறுநாள் தொட்டு அவர்கள் கண்முன் எந்நேரமும் நிற்பதோ சாரதியின் முன்னுள்ள கருவிப் பலகையே.

இங்கிலாந்தில் வசிக்கும் எம் மருமகன் வாங்கியது 1978ஆம் ஆண்டின் ட்ரயம்ப் ஸ்பிற்பயர். கொவென்றி நகரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட இவ்வகைக் காருக்கு உருவமைத்தவர் ஜியோவன்னி மிக்கலொட்டி என்னும் இத்தாலியர். மருமகனுடைய காரின் மரப்பலகை வெயிலும் மழையும் பட்டு, கோடையிற் குளத்துச் சேறு போல் வெடித்திருந்தது. வார்னிஷின் கீழிருந்த மெல்லிய மரத்தகடும் ஓரங்களிற் கிளம்பியிருந்தது. புதிய பலகை விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதன் விலையைக் கேட்டதும், "மாமா, நாங்களே செய்து பார்ப்போமே" என்றான். விருந்தாளியாகச் சென்றிருந்த நாமும் இசைந்தோம்.

திருப்புளியைத் தொடுமுன் பற்றறியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இதில் விவாதத்துக்கே இடமில்லை. அடுத்தது வயர்கள். அக்காலத்துப் பிரித்தானியக் கார்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள் உண்டு. மண்ணிறம் பற்றறியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பிய பின் உயிர் பெறுவது. பச்சை, அதே மின்சாரம் உருகி வழியாக வருவது. கறுப்பு, காரின் உடலோடு இணைவது. ஏட்டில் இவ்வளவும் தெளிவு. நாற்பதாண்டுத் தூசு படிந்த இக்காரிலோ எல்லாமே மண்ணிறம்! மருமகன் கைத்தொலைபேசியாற் படம் பிடித்தான். நாம் ஒவ்வொரு வயரிலும் கடதாசித் துண்டில் எழுதிக் கட்டினோம்.

பழைய தகட்டை ஈரத்துணியும் சூடான ஸ்திரிக்கைப்பெட்டியும் கொண்டு இளக்கினோம். இளகாத இடத்தை அகன்ற உளி கவனித்துக்கொண்டது. புதிய வோல்நட் தகட்டை ஒட்டுவதே நெஞ்சு படபடக்கும் கட்டம். தொட்டவுடன் பற்றும் பசையைப் பலகையிலும் தகட்டிலும் பூசி, இரண்டும் உலர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். சேர்ந்தபின் மயிரளவும் நகர்த்த முடியாது. ஆகவே இடையிலே கடதாசியை விரித்து, தகட்டைச் சரியாக நிறுத்தி, கடதாசியைச் சிறிது சிறிதாக இழுத்தபடி உருளையால் அழுத்திச் சென்றோம். கருவிகளுக்கான துளைகளைச் சவர அலகினால் வெட்டினோம். வெட்டிற் சிறு பிழை இருப்பினும் கருவியின் விளிம்பு மறைத்துவிடும். பலகையின் வெளியோரம் அவ்வளவு தாராளமானதன்று. அங்கே செய்த பிழை இன்றும் எம்மைப் பார்த்துச் சிரிக்கின்றது. வார்னிஷை ஆறு முறை மெல்லியதாகப் பூசி, இடையிடையே மணற்கடதாசியால் தேய்த்தோம். பின்புறத்துக்கும் பூசினோம், ஈரம் அவ்வழியேதான் நுழைகின்றது.

எல்லாவற்றையும் மீண்டும் பொருத்தி, மாலையில் உலாப் புறப்பட்டோம். பலகை கண்ணாடி போல் மின்னியது. இரண்டு மைல் சென்றிருப்போம்.

"மாமா, எஞ்சின் கொதிக்கிறது! நிற்பாட்டட்டுமோ?"

வெப்பமானியின் ஊசி சிவப்புக் கோட்டை அணுகியிருந்தது. இறங்கி மூடியைத் திறந்தோம். ஆவியுமில்லை, வாசனையுமில்லை. தண்ணீர்த் தொட்டியை மாற்ற வேண்டுமோ என்று மருமகன் கலங்கினான். எமக்கோ பெற்றோல்மானியின் மேலேயே ஐயம் விழுந்தது. புறப்பட்டபோது அரைத் தொட்டி காட்டிய ஊசி, இப்போது அதற்கும் சற்று மேலே நின்றது. ஓடும் கார் பெற்றோலை உற்பத்தி செய்யுமோ?

மாணவ நேயர்கள் இதன் காரணத்தை ஊகிக்கலாம். இவ்விரு மானிகளுக்கும் பற்றறியின் மின்சாரம் நேரே செல்வதில்லை. கருவிகளின் பின்னே தீப்பெட்டியளவான தகரப் பெட்டி ஒன்று உண்டு. அதனுள் இருக்கும் ஈருலோகச் சட்டம் சூடேறி வளைந்து மின்னைத் துண்டிக்கும். ஆறி நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். இவ்வாறு மாறிமாறிச் செய்து, சராசரி 10 வோல்ற்று மட்டுமே மானிகளுக்குச் செல்லவிடும். அச்சட்டத்தைச் சூடாக்கும் சுருளின் மின்னோட்டம் காரின் உடலுக்குத் திரும்ப வேண்டும். இரும்புப் பலகையாயின் பலகையே வழியாகும். மரம் மின்னைக் கடத்தாது. தனியே ஒரு கறுப்பு வயர் வேண்டும். அது இல்லையேல் சட்டம் வளையாது. பற்றறியின் மின்னழுத்தம் முழுவதும் மானிகளுக்குப் பாயும். இரண்டும் உள்ளதைவிட மிகையாகவே காட்டும்.

தெருவோரத்திலே பலகையின் கீழே தலையை நுழைத்துக் கைவிளக்கால் தேடினோம். கறுப்பு வயர் ஒன்று அநாதையாகத் தொங்கியது. அதில் நாம் கட்டிய கடதாசி எப்போதோ அறுந்து விழுந்திருந்தது. மருமகனின் படத்தில் அவ்வயர் சேர்ந்திருந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை மட்டும் எம்மிடம் நீட்டினான்.

வயரைச் சேர்த்து எஞ்சினை இயக்கினோம். வெப்பமானியின் ஊசி மெல்ல இறங்கி நடுவில் நின்றது. பெற்றோல்மானியின் ஊசியும் இறங்கியது. கால் தொட்டியையும் தாண்டி இறங்கிக்கொண்டேயிருந்தது. உலாவை அத்துடன் நிறுத்தி, அருகிலிருந்த பெற்றோல் நிலையத்தை நோக்கி மெதுவாகக் காரைத் திருப்பினோம்.