மண்டபம் இருக்கிறதே, கூடம் எதற்கு?

மேல்விஷாரத்துக்கு நகராட்சி சார்பில் ஒரு சமுதாயக் கூடம் வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், "ஊரில் இருக்கிற மண்டபங்கள் போதாதா?" என்ற கேள்வி வந்து நிற்கும். கூடவே இன்னும் சில காரணங்களும் வரும். அப்படிக் கேட்பவர்களுக்கும் ஊர்மேல் அக்கறை உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று மட்டும்தான் பாதியாவது உண்மை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மண்டபக் கணக்கு. ஆற்காட்டிலிருந்து ஆம்பூர் வரை ஷாதி மஹால்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் குறைவில்லை. நிக்காஹ், வலீமா, வளைகாப்பு, காதுகுத்து என்று தேதி குறித்து அட்வான்ஸ் கட்டுகிறவருக்கு அவை திறக்கும். மற்ற நாட்களில் கேட் பூட்டியிருக்கும். வாடகை என்று ஒரு தொகை சொல்வார்கள். கணக்கு முடிக்கும்போது கரண்ட் யூனிட், ஜெனரேட்டர் டீசல், கிளீனிங், தேக்சா வாடகை என்று ஒவ்வொன்றாக ஏறும். டேனரியில் தினக்கூலிக்குப் போகிறவருக்கு இது கட்டுப்படியாகாது. தெருவை அடைத்துச் சாமியானா போடுவது அதனால்தான். கல்யாணத்தை விடுங்கள். பி.எஃப். பணம் வராமல் அலைகிற தொழிலாளர்கள் ஒரு மாலை உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் எந்த மண்டபத்தைப் பிடிப்பார்கள்? குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் எங்கே போய் உட்காருவார்கள்? இந்த மண்டபம் இன்னாருக்குத்தான் என்று எந்தப் போர்டிலும் எழுதியிருக்காது. ஆனால் எங்கே போய்க் கேட்கலாம், எங்கே கேட்கக்கூடாது என்பது தமிழ்நாட்டில் காலனியில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். நகராட்சிக் கூடத்தில் ரசீது போட்டால் யாருக்கும் சாவி கொடுத்தே ஆகவேண்டும். எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

"கட்டினாலும் பூட்டித்தான் கிடக்கும், குடிகாரர்களுக்குத்தான் உதவும்" என்பது இரண்டாவது வாதம். பாதி உண்மை என்று சொன்னது இதைத்தான். தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் அப்படி ஒரு கூடத்தைக் காட்டலாம். கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் பளிச்சென்று இருக்கும். ஜன்னல் கண்ணாடி உடைந்து, கழிவறையில் தண்ணீர் இல்லாமல், திண்ணையில் காலி பாட்டில்கள் கிடக்கும். ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும். எம்.பி. நிதி, எம்.எல்.ஏ. நிதி எல்லாம் கட்டடம் எழுப்பத்தான். வாட்ச்மேன் சம்பளத்துக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் அதில் இடமில்லை. திறப்பு விழா முடிந்த மறுநாளே கூடம் அநாதையாகிவிடுகிறது. வருஷத்தில் சில கல்யாணங்களுக்கு மட்டும் திறக்கிற கட்டடத்தை எந்த ஊரில் கட்டினாலும் இதே கதிதான்.

தினமும் கதவு திறக்க ஒரு காரணம் வைத்தால் நிலைமை மாறும். முன்பக்கத்து அறை ஒன்று படிப்பகமாக இருக்கட்டும். காலையிலும் மாலையிலும் ஆள் வருவார்கள். பக்கத்து அறையில் தையல் வகுப்போ மகளிர் குழுக் கூட்டமோ நடக்கட்டும். நடுக்கூடத்தை விசேஷ நாட்களில் குறைந்த வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்துக் காவலாளிக்கும் துப்புரவுக்கும் கொடுக்கலாம். வரவு செலவைக் கூடத்தின் சுவரிலேயே மாதாமாதம் ஒட்டலாம். இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டாம். நகர்மன்றம் ஒரு தீர்மானம் போட்டால் போதும். பராமரிப்புக்கு வழி சொல்லாத திட்டத்தை எதிர்க்க வேண்டும் என்றால் நானும் சேர்ந்து எதிர்ப்பேன். கூடமே வேண்டாம் என்பது வேறு பேச்சு.

மூன்றாவதாக, "அந்தப் பணத்தைப் பாலாற்றுக்குச் செலவழிக்கலாமே" என்கிறார்கள். டேனரிக் கழிவால் பாலாறு பாழானதைப் பார்த்து வயிறு எரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் அதைச் சரிசெய்யும் செலவு யார் தலையில் என்பது 1996-லேயே முடிவான விஷயம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 30 அன்று வந்த தீர்ப்பும் அதையே உறுதிப்படுத்தியது: பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்து, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஆற்றுக்காகக் கூடத்தை விட்டுக்கொடு என்றால் தொழிற்சாலைகள் கட்ட வேண்டிய கடனை ஊர் மக்கள் அடைப்பதாகத்தான் அர்த்தம். அந்த இழப்பீட்டைக் கேட்டு வாங்கவும் மக்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். நகர்ப்புறங்களில் பகுதி சபா கூட்டங்கள் 2022 நவம்பர் 1 முதல் நடக்கின்றன. மக்களைக் கூடிப் பேசச் சொல்கிற அரசு, அவர்கள் உட்கார ஒரு கூரையும் தரவேண்டும்.

"ஊர்ப் பெரியவர்களே கட்டித் தருவார்கள்" என்ற பேச்சும் உண்டு. நவாப் சி. அப்துல் ஹக்கீமின் ஊர் இது. சென்னை சென்ட்ரல் அருகே சித்திக் சராய் என்ற பயணிகள் விடுதியை எழுப்பியவர் அவர். 1965-ல் வந்த கல்லூரியும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அந்தக் கொடை மனதை மதிக்கிறேன். கொடுக்கிறவர்கள் 'நமக்கு நாமே' திட்டத்தில் ஒரு பங்கைச் செலுத்தட்டும், மீதியை அரசு போடும். சாவி மட்டும் நகராட்சியிடம் இருக்கட்டும்.

"நம்ம ஊர்ப் பெண்கள் வரமாட்டார்கள்" என்பதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. விடிந்ததும் டிபன் பாக்ஸோடு ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் யார்? கல்லூரி வாசலில் இறங்குகிற பிள்ளைகள் யார்? ஷூவின் மேல்பாகத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்குகிற பெண்கள் இந்தத் தோல் வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மங்கலான வெளிச்சத்தில் குனிந்தே இருந்து கழுத்து பிடித்துக்கொள்கிறது. நல்ல விளக்கு, மின்விசிறி, தாழ்ப்பாள் உள்ள கழிவறை, குழந்தையை விட ஓர் இடம் இவ்வளவும் இருந்தால் வருவார்கள். இவை இல்லாத இடத்துக்கு யார்தான் வருவார்கள்?

கடைசியாக, "எங்கே கட்டினாலும் சண்டைதான்" என்பது. மேல்விஷாரம் நகராட்சியிலிருந்து கீழ்விஷாரத்தைத் தனியாகப் பிரிக்கச் சொல்லும் கோரிக்கை நீதிமன்றம் வரை போனது ஊரறிந்த சங்கதி. இரண்டு பக்கமும் சேர்ந்து உட்காரப் பொது இடம் இல்லாத ஊரில் மனத்தாங்கல் எப்படிக் குறையும்? சிங்கப்பூரில் 1960-ல் மக்கள் கழகம் தொடங்கி, பேட்டைக்குப் பேட்டை சமூக மன்றங்களை நடத்தினார்கள். 1963-ல் தொலைக்காட்சி வந்தபோது வீட்டில் பெட்டி வாங்க முடியாத சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த ஆண்டு இனக்கலவரம் வரத்தான் செய்தது. அதற்காக மன்றங்களை மூடவில்லை, இன்னும் கட்டினார்கள்.

ஆகவே இடத் தேர்விலேயே சில நிபந்தனைகள் வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் நடந்தே வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். எந்த வழிபாட்டுத் தலத்தின் காம்பவுண்டையும் ஒட்டி இருக்கக்கூடாது. ஏரி, கால்வாய்ப் புறம்போக்கு கூடவே கூடாது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை மறக்காமல் தரைத்தளத்தை உயர்த்திக் கட்ட வேண்டும். அடுத்த வெள்ளத்தில் பாய், போர்வையோடு வருகிற குடும்பங்கள் அங்கே தங்கினால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட வேண்டியிருக்காது.