ஸ்பானிஷ் படிச்சா வேலை நிச்சயமா? ரீல்ஸ் சொல்லாத 600 மணி நேரக் கணக்கு!

இன்ஸ்டாவைத் திறந்தா மூணாவது ரீல்ஸ்லயே யாராவது ஒருத்தர் வந்து சொல்லிடுறாங்க, "கோடிங்கை எல்லாம் ஏ.ஐ பார்த்துக்கும், நீங்க ஒரு ஃபாரின் லாங்வேஜ் கத்துக்கோங்க, லட்சத்துல சம்பளம்!" பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழி வரிசையில் இப்போது ஸ்பானிஷும் வந்து உட்கார்ந்திருக்கிறது. காலேஜில் எலெக்டிவாக ஸ்பானிஷ் எடுக்கலாமா, இல்லை பி.ஏ ஸ்பானிஷே சேர்ந்துடலாமா என்று யோசிக்கிறீர்களா? சேர்வதற்கு முன்னால் சில கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

முதலில், ஸ்பானிஷுக்கு இருக்கும் மவுசு பொய்யில்லை. 20 நாடுகளின் ஆட்சிமொழி. தாய்மொழியாகப் பேசுபவர்கள் மட்டும் சுமார் 50 கோடி. ஐ.நா-வின் 6 அலுவல் மொழிகளில் ஒன்று. நம் ஊருக்கும் இதற்கும் தொடர்பு கூடிக்கொண்டே வருகிறது. 2024 தொடக்கத்தில் முதல்வராக மு.க.ஸ்டாலின் ஸ்பெயின் போனபோது 3,440 கோடி ரூபாய் முதலீட்டுக்கு உறுதி கிடைத்ததாக அரசு அறிவித்தது. அந்தப் பட்டியலில் இருந்த ரோகா நிறுவனம் வேறு யாருமில்லை, உங்கள் வீட்டு பாத்ரூமில் இருக்கக்கூடிய பேரிவேரின் முதலாளி. அதே ஆண்டு அக்டோபரில் குஜராத்தின் வதோதராவில் டாடா-ஏர்பஸ் விமான ஆலையைப் பிரதமர் மோடியும் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். 2026-ஐ கலாசாரம், சுற்றுலா, ஏ.ஐ-க்கான இந்தியா - ஸ்பெயின் ஆண்டாக இரு நாடுகளும் அறிவித்தன.

ஆனால், தமிழ்நாட்டுக்கு ஸ்பெயினைவிடப் பெரிய விஷயம் லத்தீன் அமெரிக்கா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் ஹூண்டாய் கார்கள் மெக்சிகோ, சிலி, பெரு என்று போகின்றன. நம் ராயல் என்ஃபீல்டு பைக்குகளை அர்ஜென்டினாவிலும் கொலம்பியாவிலும் அசெம்பிள் செய்கிறார்கள். வண்டி போகும் இடத்துக்கு சர்வீஸ் மேனுவல் போக வேண்டும், வாரன்டி புகார் வர வேண்டும், டீலரிடம் யாராவது பேச வேண்டும். ஸ்பானிஷுக்கு வேலை பிறப்பது இங்கேதான்.

அப்புறம் என்ன, சேர்ந்துடலாமே? இருங்க பாஸ்.

45 மணி நேரம் எங்கே, 600 மணி நேரம் எங்கே?

ஒரு செமஸ்டரில் ஸ்பானிஷ் எலெக்டிவ் என்றால் வாரத்துக்கு 3 மணி நேரம், சுமார் 15 வாரம். மொத்தம் 45 மணி நேரம். இரண்டு செமஸ்டர் எடுத்தாலும் 90-தான். இதே மொழியை அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குச் சுலபமான மொழிகளின் பட்டியலில்தான் ஸ்பானிஷை அது வைத்திருக்கிறது. அப்படியும், வேலைக்குத் தேவையான அளவு வர 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வேறு வேலை எதுவும் இல்லாமல், சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமாகப் படிப்பவர்களுக்கான கணக்கு அது!

எலெக்டிவ் முடித்தால் உங்களுக்கு வருவது பெயர் சொல்வது, காபி ஆர்டர் செய்வது, மணி கேட்பது. ஐரோப்பிய அளவுகோலில் இது ஏ1. கொஞ்சம் முயன்றால் ஏ2. இப்போது ஏதாவது ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் 'ஸ்பானிஷ்' என்று தேடிப் பாருங்கள். கஸ்டமர் சப்போர்ட், அக்கவுன்ட்ஸ் பேயபிள், கொள்முதல், கன்டென்ட் மாடரேஷன் என்று வரும். அவற்றில் பெரும்பாலும் கேட்கப்படுவது பி2 அல்லது சி1. நடுவில் பி1 என்று ஒரு முழுப் படியைத் தாண்ட வேண்டும். ரெஸ்யூமேயில் 'ஸ்பானிஷ் - பிகினர்' என்று போடுவதால் ஒன்றும் கெட்டுப்போகாது. சம்பளமும் ஏறாது.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு பழைய வியாதியும் உண்டு. பார்ட் 1-ல் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நிறைய பேர் எடுத்தது மார்க்குக்காக. 90-க்கு மேல் வாங்கிவிட்டு, இன்று ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் சிரிப்பார்கள். ஸ்பானிஷையும் 'ஸ்கோரிங் சப்ஜெக்ட்' ஆக்கிவிட்டால் அதே கதைதான்.

ஏ.ஐ இருக்கே, எதுக்கு இவ்ளோ கஷ்டம்?

நியாயமான கேள்வி. சாதாரண இ-மெயிலை மொழிபெயர்க்க இனி ஆள் தேவையில்லை. ஏ2 அளவில் ஒருவர் செய்யக்கூடிய வேலையைப் போனே செய்துவிடும். ஏணியின் கீழ்ப்படிகள் போய்விட்டன என்பதுதான் உண்மை. மிச்சமிருப்பது, தப்பு நடந்தால் யாராவது பொறுப்பேற்க வேண்டிய வேலைகள்.

சின்ன உதாரணம். ஆங்கிலத்தில் 'பில்லியன்' என்றால் 100 கோடி. ஸ்பானிஷில் 'பியோன்' என்று ஒரு சொல் இருக்கிறது. எழுத்தில் பார்த்தால் அதே பில்லியன் மாதிரிதான் தெரியும். ஆனால் அதன் மதிப்பு ஒரு லட்சம் கோடி! ஆயிரம் மடங்கு வித்தியாசம். அடுத்தது புள்ளி. ஸ்பெயினிலோ கொலம்பியாவிலோ இருந்து வரும் பில்லில் 1.500 என்று இருந்தால் அது ஒன்றரை இல்லை, ஆயிரத்து ஐந்நூறு. மெக்சிகோக்காரர்களோ நம்மைப் போலவே புள்ளியைத் தசமத்துக்குப் போடுகிறார்கள். ஸ்பானிஷ் தெரிந்த ஒருவர் இதைத் தவறவிடலாம். கணக்கு மட்டும் தெரிந்தவரும் தவறவிடலாம். இரண்டும் தெரிந்த பி.காம் பட்டதாரிக்குத்தான் அந்த சீட்டில் வேலை.

மரியாதை விஷயம் அடுத்தது. நம் நீ, நீங்கள் போல ஸ்பானிஷில் 'து', 'உஸ்தெத்'. ஆனால் கொலம்பியாவின் பொகோட்டாவில் நண்பர்களுக்குள்ளேயே 'உஸ்தெத்' சொல்வது சகஜம். அர்ஜென்டினாவில் 'து'-வுக்குப் பதில் 'வோஸ்'. எந்த நாட்டு கிளையன்ட்டிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் வாயைத் திறந்தால், இலக்கணம் சரியாக இருந்தும் பேச்சு ஒட்டாது.

மொழியும் தொழிலும் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய வழக்கை இன்றும் சொல்வார்கள். 1980-ல் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கியூபாவைச் சேர்ந்த குடும்பம். அவர்கள் 'இன்டாக்ஸிகாடோ' என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற அர்த்தத்தில். டாக்டர்களுக்கு அது ஆங்கிலத்தில் 'போதை' என்று கேட்டது. போதைப்பொருள் கேஸ் என்றே சிகிச்சை நடந்தது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. அந்த இளைஞருக்குக் கை, கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. இழப்பீடு சுமார் 7.1 கோடி டாலர் என்று முடிவானது.

வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் 4 கோடிக்கும் மேல் இருக்கும் நாடு அது. அதனால் அங்கே மருத்துவ ஸ்பானிஷ், சட்ட ஸ்பானிஷ், வணிக ஸ்பானிஷ் என்று தனித்தனிப் பாடங்கள் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. நோயாளிக்கான முக்கியமான ஆவணங்களை மெஷின் மொழிபெயர்த்தால், தகுதியுள்ள மனிதர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று 2024-ல் விதியே கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் 2016-க்கும் 2021-க்கும் நடுவில் கல்லூரிகளில் ஸ்பானிஷ் எடுப்பவர்கள் 18 சதவிகிதம் குறைந்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் ஆங்கிலமே ஆட்சிமொழி என்று அதிபர் ட்ரம்ப் உத்தரவும் போட்டார். தேவை இருக்கும் இடத்திலேயே மொழிப் படிப்பின் கதி இப்படி ஆடும்போது, 'எதிர்காலம் உறுதி' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

நம் பக்கத்திலும் அதே ஆட்டம் உண்டு. வர்த்தக ஒப்பந்தம் இல்லாத இந்தியா, சீனா போன்ற நாடுகளின் பொருள்களுக்கு 50 சதவிகிதம் வரை வரி போட 2025 டிசம்பரில் மெக்சிகோ நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. கார்களுக்கு நல்ல அடி. ஏற்றுமதி குறைந்தால் அதை நம்பிய ஸ்பானிஷ் வேலையும் குறையலாம். அதேநேரம், அந்த வரி ஆணையை ஸ்பானிஷிலேயே படித்து, எந்த உதிரி பாகத்துக்கு எவ்வளவு என்று முதலாளிக்குச் சொல்லக்கூடிய ஆளுக்கு மதிப்பு கூடும். ஒரே செய்தி, இரண்டு பேருக்கு இரண்டு விதமாக முடிகிறது.

இன்னொன்று, ஷிஃப்ட். மெக்சிகோ சிட்டியில் காலை 9 மணி என்றால் சென்னையில் இரவு 8.30. அங்கே சாயங்காலம் ஆபீஸ் முடியும்போது நமக்கு விடிந்துவிடும். ஸ்பெயின் என்றால் மதியம் ஆரம்பித்து இரவில் முடித்துவிடலாம். இன்டர்வியூவில் சம்பளத்துக்கு முன்னால் 'எந்த நாட்டு கிளையன்ட்?' என்று கேளுங்கள். வீட்டில் அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தானே!

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை போகவில்லையா? நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்களுக்கு, ஆங்கிலம் வழியாக மட்டும் கற்பவர்களைவிட ஸ்பானிஷில் சில இடங்கள் சுலபம். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதை ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் கஃபே' என்பார்கள். 'நான்' இல்லை, 'எனக்கு'! ஆங்கிலேயர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இந்த அமைப்பு நமக்குப் பழக்கமானது. 'பேசுகிறேன்' என்றால் நான் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அங்கேயும் 'ஆப்லோ' என்றாலே போதும். நம் 'ஞ' அங்கேயும் இருக்கிறது. கஷ்டம் வருவது வேறு இடத்தில். மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று மனப்பாடம் செய்ய வேண்டும். சப்ஜங்டிவ் என்று ஒரு வினை வடிவம் வரும்போது பாதிப் பேர் வகுப்பை விட்டு ஓடுவார்கள். பி1-ன் கதவே அதுதான்.

முழுப் பட்டமாகப் படிக்க டெல்லி ஜே.என்.யூ, டெல்லி பல்கலைக்கழகம், ஹைதராபாத்தின் இ.எஃப்.எல்.யூ ஆகியவை முக்கியமான இடங்கள். டெல்லியில் உள்ள இரண்டுக்கும் க்யூட் தேர்வு எழுத வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்கள் என்பதால் கட்டணம் குறைவு. ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஆராய்ச்சி, வெளியுறவுத் துறை என்று மொழியே தொழிலாக வேண்டும் என்பவர்களுக்கு இது சரியான பாதை. மற்றவர்களுக்கு என் ஓட்டு, பி.காம், லாஜிஸ்டிக்ஸ், நர்சிங், மெக்கானிக்கல் என்று ஒரு டிகிரியும் பக்கத்திலேயே மூன்று ஆண்டு விடாமல் ஸ்பானிஷும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் என்றால் ஆண்டுக்கு 250 மணி நேரம் தாண்டும். மூன்றாவது ஆண்டு முடிவில் அந்த 750 உங்கள் கைக்கு எட்டும்.

சான்றிதழ் என்று வரும்போது, ஆறு மாத கோர்ஸ் நடத்தும் சென்டர் தரும் காகிதத்துக்குப் பெரிய மதிப்பில்லை. ஸ்பெயின் அரசின் சார்பில் செர்வாண்டெஸ் நிறுவனம் வழங்கும் 'டெலே'-வைக் குறிவையுங்கள். ஒருமுறை பாஸ் செய்தால் ஆயுளுக்கும் செல்லும். 'சியெலே' என்ற கம்ப்யூட்டர் தேர்வும் உண்டு, ஆனால் அது 5 ஆண்டுகளுக்குத்தான். ஏ1, ஏ2 தேர்வுகளுக்குப் பணம் கட்டாதீர்கள். அதைச் சேர்த்துவைத்து நேராக பி2 எழுதுங்கள்.