இரு பெயர் கொண்ட ஆறு: விவசாய விரிவாக்கமும் மாகாண எல்லையும்

இலங்கையின் ஆறுகளுள் மகாவலிக்கு அடுத்ததாக நீளமுடையது எனப்படும் ஆற்றிற்கு இரண்டு பெயர்கள் உள. அநுராதபுரத்தில் அது மல்வத்து ஓயா, மன்னாரில் அருவியாறு. பெயர் மாறுகையில் மாகாணம் மாறுகின்றது; அலுவலக மொழியும் மாறுகின்றது. நீர் மட்டும் மாறுவதில்லை. வடமத்திய மாகாணத்துக் குளங்களுக்கு நீரளித்தும் வயல்களின் வடிநீரை ஏற்றும் இறங்கிவரும் அவ்வாறே தேக்கத்தில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தையும் அதன் கீழுள்ள நெல்வயல்களையும் வாழ்விக்கின்றது. மேலே எப்போது விதைக்கின்றனர், எந்த மருந்தை எவ்வளவு தெளிக்கின்றனர் என்பன கீழே உள்ளவனின் விளைச்சலையும் தொடும் செய்திகள். அவ்வாறிருந்தும், இவ்விரு பக்கங்களிலும் கமக்காரருக்கு வழிகாட்டும் விவசாயப் போதனாசிரியர்கள் ஒருவரையொருவர் முகமறியாமலே தமது சேவைக்காலத்தை முடித்து ஓய்வூதியம் பெற்றுவிட முடியும். இந்த அறியாமைக்கு ஓர் அமைப்பு வடிவம் கொடுக்கப்பட்டிருக்கின்றது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் விவசாயத்தையும், அதனுள் அடங்கும் விரிவாக்கப் பணியையும் மாகாணங்களிடம் ஒப்படைத்தது. ஆயின், மாகாணங்களுக்கிடையிலான நீர்ப்பாசன, நிலக்குடியேற்றத் திட்டங்களை விலக்கிவிட்டே ஒப்படைத்தது. 'மாகாணங்களுக்கிடையிலான' என்ற சொல் இயல்பாகத் தரும் பொருள், இரு மாகாணங்கள் பகிர்ந்துகொள்வது என்பதாகும். நடைமுறையில் அது பெற்ற பொருளோ, இரண்டுக்கும் உரியதன்று, மத்திக்கே உரியது என்பதாயிற்று. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே பங்குக் கிணறு என்றொரு வழக்குண்டு. பங்காளிகள் முறைவைத்து இறைப்பர். முறை தவறினால் வாய்த்தர்க்கமும் வரும். அதற்காகக் கிணற்றை விதானையாரிடம் எழுதிக் கொடுத்தவர் எவருமிலர். நாட்டின் சட்டவாக்குநருக்கு இந்த எளிய விவேகம் வாய்க்கவில்லை. விளைவு, அநுராதபுரம், பொலனறுவை, அம்பாறை போன்ற மாவட்டங்களிலே ஒரே தெருவின் இரு மருங்கிலும் இரண்டு விரிவாக்கச் சேவைகள் நிற்கின்றன. ஒரு போதனாசிரியர் பேராதனைக்குப் பதில் சொல்லவேண்டியவர். மற்றவர் மாகாணப் பணிப்பாளருக்கு.

இதனைக் கண்டு, 'அதிகாரப் பகிர்வே விரிவாக்கத்தைச் சிதைத்தது. அனைத்தையும் மீண்டும் பேராதனையிடமே கொடுத்துவிடுக' என்பார் உளர். இக்கூற்று வரலாற்றின் முன் நிற்காது. எழுபதுகளின் இறுதியில் உலக வங்கியின் துணையுடன் புகுத்தப்பட்ட 'பயிற்சியும் தரிசிப்பும்' என்னும் முறையில் யாவும் மத்தியின் கையிலேயே இருந்தன. இரு வாரங்களுக்கொருமுறை மேலிருந்து செய்தி இறங்கும். கீழுள்ள உத்தியோகத்தர் அதனைச் சுமந்து சென்று கமக்காரரிடம் ஒப்புவிப்பார். கமக்காரர் சொல்லியனுப்பியது எதுவும் அதே விரைவில் மேலேறியதாகச் சொல்வதற்கில்லை. அம்முறையின் அடிப்படிக்கட்டாக விளங்கிய கிராமமட்ட விரிவாக்க ஊழியர்கள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரை 1989இல் கிராம சேவைக்கு இழுத்துக்கொண்டது யார்? மாகாண சபைகளா? மத்திய அரசே அன்றோ! கமக்காரனின் வாசலுக்குச் செல்லும் காலை வெட்டியவர்கள், உடல் நொண்டுவதற்குப் பகிர்வைக் குற்றஞ்சாட்டுவது நகைப்புக்கிடமானது. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டபோதும், அவ்வாணையை வரம்பில் நின்று விளக்கும் அவலம் போதனாசிரியர் தலையிலேயே விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் அவ்வாணை மீளப்பெறப்பட்டபோது, அதனையும் அவரே விளக்கவேண்டியதாயிற்று.

பீடைகளின் ஒழுக்கம் இதனை இன்னும் தெளிவாக்கும். கமக்காரர் அறக்கொட்டி என்னும் கபிலநிறத் தத்தி, இளம் நெற்பயிர் எங்கே தொடர்ந்து கிடைக்கின்றதோ அங்கே பெருகும். ஒரு வெளியில் முன்னும் பின்னுமாக விதைப்பு நீளுமாயின் தத்திக்கு உணவு அறுவதேயில்லை. கண்டபடி மருந்தடித்தால் அதனை உண்ணும் சிலந்திகளே முதலில் மடியும். தத்தி முன்னரிலும் மிகுந்து மீளும். ஆகவே இதற்குரிய சிறந்த மருந்து போத்தலில் இல்லை. அயலவர் அனைவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விதைப்பதிலேயே உள்ளது. பயிர்ச்செய்கைக் கூட்டங்கள் விதைப்புத் திகதியைக் குளந்தோறும் தீர்மானிக்கின்றன. குளத்திற்கு அப்பால், மாகாண எல்லைக்கு அப்பால் என்ன தீர்மானம் எடுக்கப்பட்டது என்பது கூட்டக் குறிப்பில் இடம்பெறும் விடயமன்று.

அமெரிக்கக் கண்டத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட சோளப் படைப்புழு 2016இல் ஆபிரிக்காவையும் 2018இல் இந்தியாவையும், அதே ஆண்டில் இலங்கையையும் அடைந்தது. ஓரிரவில் நூறு கிலோமீற்றர் வரை பறக்கவல்ல அந்துப்பூச்சி அது. அம்பாறை, மொனறாகலை, அநுராதபுரம் ஆகிய சோள மாவட்டங்கள் மூன்றும் மூன்று மாகாணங்களில் உள்ளன. ஓரிடத்துப் போதனாசிரியர் கண்டறிந்தது அயல் மாகாணத்தை அடைய, மேலே ஏறி மீண்டும் கீழே இறங்கவேண்டும் என்ற ஒழுங்கு, கோப்புக்கு உகந்தது. பூச்சி கோப்பின் வழி வருவதில்லை.

விரிவாக்கத்தின் பிறப்புக் கதையே எல்லை தாண்டிய ஒரு பூச்சியின் கதைதான். மெக்சிக்கோவிலிருந்து 1890களின் தொடக்கத்தில் டெக்சாசினுட் புகுந்த பருத்திக்காய் வண்டு மாநிலம் மாநிலமாகப் பரவியது. 1903இல் டெரெல் என்ற ஊரில் சீமன் நாப் ஒரு கமக்காரனின் நிலத்திலேயே செய்துகாட்டிய முறை, அவ்வண்டைத் துரத்திக்கொண்டு தென்மாநிலங்களெங்கும் சென்றது. 1914இல் நிறைவேறிய சிமித்-லீவர் சட்டம் கூட்டாட்சி அரசு, மாநிலம், கவுண்டி ஆகிய மூன்றையும் பணத்தாலும் பொறுப்பாலும் பிணைத்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கூட்டுறவு விரிவாக்கம்'. அதனைப் பொற்காலமாகப் புகழ்வதும் தவறு: தென்மாநிலங்களில் அப்பணம் வெள்ளையர் கல்லூரிகளின் வழியாகவே சென்றது, கறுப்பினப் போதகர்கள் தனி வரிசையில், குறைந்த வளத்துடன் நிறுத்தப்பட்டனர். மாநில எல்லையைக் கடந்த கூட்டுறவு, நிற எல்லையின் முன் நின்றுவிட்டது. இலங்கையில் அவ்விடத்தில் நிற்பது மொழி.

மறுபுறத்தில், மாகாண உரிமையின் காவலர் சிலர் அயல் மாகாணத்தோடு கைகோத்தால் கிடைத்த சிறு அதிகாரமும் கரைந்துவிடும் என்று அஞ்சுகின்றனர். முப்பதாண்டுப் போரின் பின் இவ்வச்சத்தைப் பழிப்பது எளிதன்று. குடியேற்றத் திட்டங்களின் வரலாறு அறிந்தவர் பழிக்கவும் மாட்டார். ஆயினும், அயலவருடன் தன் பெயரில் உடன்பாடு செய்ய இயலாத அதிகாரம் எத்தகைய அதிகாரம்? இரு மாகாணங்கள் நேரே பேசாதவிடத்து, அவற்றுக்காகப் பேசுபவர் எப்போதும் கொழும்பிலேயே இருப்பர். பக்கவாட்டு உறவைத் துறப்பவன் மேலாதிக்கத்திற்கே வழி விடுகின்றான்.

வடக்கினதும் வடமத்தியினதும் பணிப்பாளர்கள் பெரும்போகத்திற்கு முன் ஒரே மேசையில் அமர்வதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. எல்லைப்புறப் போதனாசிரியர் பிரிவுகளுக்கு ஒரே பீடைக் கண்காணிப்புப் படிவம், இரு மொழிகளிலும் அச்சிடப்பட்ட துண்டுப்பிரசுரம், ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் இரு பக்கக் கமக்காரரும் கலந்துகொள்ளும் வயல் விழா என்பவை பெருஞ்செலவினவும் அல்ல.

பல்கலைக்கழகங்கள் இதில் குற்றமற்றவை என எவரும் கருதிவிடலாகாது. கிளிநொச்சியில் ஒரு விவசாய பீடம். அநுராதபுரத்துப் புளியங்குளத்தில் இன்னொன்று. இரண்டும் ஒரே உலர்வலயத்தின் மண்ணை, ஒரே குளநீர்ப் பாசனத்தை ஆராய்கின்றன. விரிவாக்கக் கல்வி என்பது இரண்டிலும் ஒரு பாடம். போதனாசிரியராகப் போகும் மாணவர் அயல் மாகாணத்துக் கமக்காரனிடம் அவன் மொழியில் பயிர் எப்படி என்று கேட்கவும் இயலாமலே பட்டம் பெற்று வெளியேறலாம். பட்டத்தைப் பெற்றுக்கொடுப்பது ஆங்கிலம். நியமனத்தின் பின் கடமையைச் செய்யவேண்டியது வரம்பிலே. இறுதியாண்டுக் களப்பயிற்சிக்கு இரு பீடத்தினரும் சேர்ந்து மல்வத்து ஓயாவின் மேற்புறத்தில் தொடங்கி அருவியாற்றின் கழிமுகம் வரை ஒரு போகம் பணியாற்றினால், எந்தப் பாடவிதானத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டுவிடும் என்பதைத் தடை சொல்பவர்கள் எடுத்துக்காட்டட்டும்.