பிள்ளையும் நாமும்: மழலைக்கு மறுமொழி



பிள்ளை உடம்பு பிரட்டியதும், தவழ்ந்ததும் நாங்கள் மகிழ்கிறோம். முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டுகிறோம். அயலுக்கும் கொடுத்தனுப்புகிறோம். ஆனால் முதற் சொல்லுக்கு எங்களிடம் ஒரு சடங்கும் இல்லை. அந்தச் சொல் என்று வந்தது, எது அந்தச் சொல் என்பதுகூடப் பல தாய்மாருக்கு நினைவில் இருப்பதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. சொல் பல்லைப்போல ஒரு நாளில் வெளியே தெரிவதில்லை. அது பல மாதங்களாகச் சத்தமாகக் கிடந்து, மெல்ல மெல்லப் பொருள் பெறுகிறது. அந்த மாதங்களில் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது மிக முக்கியம். ஆகவே இம்மாதம் மழலையைப் பற்றிச் சிந்திப்போம்.

சத்தம் சொல்லாகும் வழி

தாயின் வயிற்றில் இருக்கும் கடைசி மூன்று மாதங்களிலேயே பிள்ளைக்குக் காது கேட்கிறது. பிறந்த சில நாட்களில் அது தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிகிறது. 1980இல் அமெரிக்க ஆய்வாளர்களான டிகாஸ்பரும் ஃபைஃபரும் இதைச் சூப்பி ஒன்றின் உதவியோடு காட்டினார்கள். பிள்ளை சூப்பும் விதத்தை மாற்றினால் தாயின் குரல் கேட்கும்படி ஒழுங்கு செய்தார்கள். பிள்ளைகளும் தாயின் குரலைக் கேட்பதற்காக அப்படியே மாற்றிச் சூப்பின.

இரண்டாம் மாதமளவில் "ஆ", "ஊ", "ங்ங்" என்ற தொண்டைச் சத்தங்கள் வரும். நாலு, ஐந்து மாதத்தில் சத்தமாகச் சிரிக்கும், கீச்சிடும், எச்சில் தெறிக்க உதட்டால் ஊதும். ஆறு மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் இடையில் "மமம", "பபப", "ததத" என்று ஒரே எழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். பின்னர் உண்மையாகவே கதைப்பதுபோல இழுத்து, ஏற்றி, இறக்கிப் பேசும். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் கேள்வி கேட்கிறதா, கோபிக்கிறதா என்று அந்த இராகத்திலேயே தெரியும். ஒரு வயதை அண்டி முதற் சொல் வரும். சில பிள்ளைகளுக்கு முந்தும், சில பிள்ளைகளுக்குப் பிந்தும்.

எங்கள் முன்னோரும் இதைக் கவனித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழ் நூல்களில் ஐந்தாம் மாதத்துக்குச் சொல்லப்படுவது செங்கீரைப் பருவம். "கீர்" என்றால் சொல். நல்ல சொல்லைப் பேசும்படி பிள்ளையைக் கேட்கும் பருவம் அது என்று பொருள் சொல்வோரும் உண்டு.

பிள்ளை வாய் திறந்து சொல்லுமுன் காதால் நிறையப் படித்துவிடுகிறது. கனடாவில் வேர்க்கர், ரீஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஆறு, எட்டு மாதத்தில் எங்கள் "த", "ட" போன்ற இரண்டு ஹிந்திச் சத்தங்களை நன்றாகப் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் குறைந்துவிட்டது. ஹிந்தியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது குறையவில்லை. அதாவது, வீட்டில் கேட்கும் மொழிக்கு ஏற்றபடி பிள்ளையின் காது முதல் வருடத்திலேயே பழகிவிடுகிறது. "அதுக்கு என்ன விளங்கப் போகுது" என்று சொல்லிக் கதைக்காமல் விடும் மாதங்கள்தான் அது மிகவும் கூர்ந்து கேட்கும் மாதங்கள்.

"அப்பா" என்ற சத்தம்

"ம", "ப" ஆகியவை உதட்டை மூடித் திறந்தால் வரும் சத்தங்கள். பல்லும் வேண்டாம், நாக்கைப் பெரிதாக அசைக்கவும் வேண்டாம். ஆகவே உலகின் பல மொழிகளில் தாய்க்கும் தகப்பனுக்கும் உரிய சொற்கள் இத்தகைய எளிய சத்தங்களால் ஆனவை. எங்கள் "அம்மா" சிங்களத்திலும் அம்மாதான். தகப்பனைச் சிங்களத்தில் "தாத்தா" என்கிறார்கள். ஜோர்ஜியா நாட்டு மொழியில் "மாமா" என்றால் தகப்பன்! சத்தத்தைப் பிள்ளை தருகிறது. அதற்குரிய பொருளை நாங்கள் கொடுக்கிறோம்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் மண்ணில் சில வீடுகளில் இந்தச் சத்தம் சிரிப்பைக் கொண்டுவரவில்லை. போரில் கணவனை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்ட கணவனைத் தேடி அலைந்தவர்களும் பிள்ளை "பப்பா, அப்பா" என்றபோது எழுந்து உள்ளே போய்விட்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று வீட்டாரோடு கோபித்தவர்களும் உண்டு. 2009இல் கைக்குழந்தைகளாக இருந்த அந்தப் பிள்ளைகள் இன்று பதினாறு வயதைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் தகப்பன் இல்லாத தொட்டில்கள் இன்றும் உண்டு. விபத்தில் போனவர், விட்டுப் பிரிந்தவர், வெளிநாட்டுக்குப் போனவர் என்று காரணங்கள் பல.

சகோதரிகளே, அது சகுனமும் அல்ல, பிள்ளையின் கேள்வியும் அல்ல. எட்டு மாதப் பிள்ளைக்கு அது வாய்க்கு இலகுவான ஒரு சத்தம் மட்டுமே. அதைத் தடுக்க வேண்டாம். படம் இருந்தால் காட்டி, "இதுதான் அப்பா" என்று சொல்லுங்கள். மாலை போடுவதா, விடுவதா என்று இன்னும் முடிவு செய்ய முடியாமல் இருக்கும் படமானாலும் அப்படிச் சொல்லலாம். அந்த வயதில் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சொல்லக்கூடாத சொல் என்று ஒன்று வீட்டில் இருந்தால், பிள்ளை வளர வளர அதைச் சுற்றிக் கேட்கக்கூடாத கேள்விகளும் சேர்ந்துவிடும்.

சிறிய மறுமொழி போதும்

அமெரிக்காவில் கோல்ட்ஸ்டீன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு எங்களுக்கு மிகவும் ஆறுதல் தருவது. எட்டு மாதமளவான பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தபோது, ஒரு பகுதித் தாய்மார் பிள்ளை சத்தம் போட்ட உடனே சிரித்து, கிட்டப் போய், தொட்டார்கள். மற்றப் பகுதியினரும் அதே அளவு சிரித்தார்கள், தொட்டார்கள். ஆனால் பிள்ளையின் சத்தத்தோடு பொருந்தாத நேரத்தில் அதைச் செய்தார்கள். உடனே மறுமொழி கிடைத்த பிள்ளைகளின் மழலை அந்தச் சிறிது நேரத்துக்குள்ளேயே தெளிவடைந்தது. மற்றப் பிள்ளைகளில் அந்த மாற்றம் இல்லை.

கவனியுங்கள், அந்தத் தாய்மார் பாடம் நடத்தவில்லை, விலை கூடிய விளையாட்டுச் சாமான் கொடுக்கவில்லை. பிள்ளை அழைத்தபோது ஒரு சிரிப்பு, ஒரு தொடுகை. அவ்வளவுதான்.

இதன் மறுபக்கத்தை ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் காட்டினார். பிள்ளையோடு சிரித்து விளையாடிய தாய், சொன்னபடி சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருந்தார். பிள்ளை சிரித்துப் பார்த்தது, கூப்பிட்டுப் பார்த்தது, கையை நீட்டியது. பின்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. தாய் மீண்டும் சிரித்ததும் பிள்ளை மெல்லத் திரும்பி வந்தது. நல்ல உறவுள்ள தாயும் பிள்ளையும்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவருக்கொருவர் பொருந்தாமலே இருக்கிறார்கள், விட்டதைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதில்தான் உறவு வளர்கிறது என்பதையும் அவரது ஆய்வுகள் காட்டின. ஆகவே நாள் முழுவதும் பிள்ளைக்கு மறுமொழி சொல்ல முடியவில்லையே என்று எந்தத் தாயும் வருந்தத் தேவையில்லை.

தாய் மௌனமாகும்போது

ஆனாலும் சில தாய்மாரின் முகம் சில நிமிடமல்ல, மாதக்கணக்காக அசையாமல் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது தோளில் கிடந்த குழந்தைகள் இன்று தாங்களே தாய்மார். அழுகுரல் வெளியே கேட்டுவிடும் என்று பங்கருக்குள் பிள்ளையின் வாயைப் பொத்தி வைத்திருந்த தாய்மார் இன்று அம்மம்மாமார். "சத்தம் போடாதே" என்பது அன்று உயிர் காத்த சொல். சில வீடுகளில் அது இன்னும் போகவில்லை. போர் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்துக் காயப்படுத்துகிறது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியிருப்பதும் இதைத்தான் நினைவூட்டுகிறது.

பிள்ளை பெற்ற சில நாட்களுக்குக் கண்ணீர் வருவது பலருக்கும் இயல்பு. இரண்டு கிழமைக்கு மேலும் அது நீடித்தால், பிள்ளையைத் தூக்க மனமில்லாமல், நித்திரையும் பசியும் இல்லாமல் போனால், அது "சோம்பல்" அல்ல, "கொழுப்பு" அல்ல. அது குணப்படுத்தக்கூடிய நோய். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கதைக்கலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். வீட்டாரும் அவரைத் தனியே விடக்கூடாது.

வீட்டில் உள்ள எல்லோரும்

பிள்ளைக்கு மறுமொழி சொல்வது தாயின் தனிக் கடமை அல்ல. சமூகவியல் படிக்கும்போது அறிந்த ஒரு செய்தி: பப்புவா நியூகினியில் வாழும் கலுலி மக்கள் பேசத் தெரியாத கைக்குழந்தையோடு நேரே உரையாடுவது குறைவு. தாய் பிள்ளையை வெளிப்பக்கம் பார்க்கத் தூக்கி வைத்துக்கொண்டு, பிள்ளை பேசுவதுபோலத் தானே குரலை மாற்றி மற்றவர்களோடு பேசுவார். அங்கும் பிள்ளைகள் நன்றாகவே பேசப் பழகுகிறார்கள். ஏனென்றால் பிள்ளை எப்போதும் பேசும் மனிதர்களின் நடுவில் இருக்கிறது.

எங்கள் வீடுகளிலும் அம்மம்மா உண்டு, அப்பம்மா உண்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும் அண்ணா, அக்கா உண்டு. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, நண்டூரச் செய்து சிரிக்க வைப்பதும், சாய்ந்தாட வைப்பதும், சப்பாணி கொட்டப் பழக்குவதும் காசில்லாத மொழிப்பாடங்கள். வேலைக்குப் போகும் தாய்மார் இந்தப் பொறுப்பை அவர்களிடம் தயங்காமல் ஒப்படைக்கலாம்.

ஆனால் கைத்தொலைபேசியிடம் ஒப்படைக்க முடியாது. 2003இல் பற்றீசியா கூல் என்பவரின் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். நேரில் ஒருவர் விளையாடிக் கதைத்தபோது பிள்ளைகள் அந்த மொழியின் சத்தங்களைப் படித்துக்கொண்டன. அதையே தொலைக்காட்சியில் காட்டியபோது ஒன்றும் படிக்கவில்லை. இரண்டு வயதுக்கு முன் பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஆலோசனை கூறியது. வெளிநாட்டில் உள்ள தகப்பனோடு வீடியோவில் கதைப்பது வேறு. அங்கே மறுமொழி சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார்.

எப்போது காட்ட வேண்டும்?

"தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று சொல்லி நாட்களைக் கடத்துவது எங்களிடம் வழக்கம். சில பிள்ளைகள் பிந்திக் கதைப்பது உண்மைதான். ஆனால் கீழே உள்ளவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்.

எந்த வயதிலும் பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடாவிட்டால், அல்லது குரல் வரும் பக்கம் ஆறு மாதமாகியும் திரும்பாவிட்டால்.

பத்து மாதமாகியும் "மமம", "பபப" போன்ற சத்தங்கள் வராவிட்டால்.

ஒரு வயதில் கையசைத்தல், விரலால் காட்டுதல் எதுவும் இல்லாவிட்டால்.

ஒன்றரை வயதில் பொருளோடு ஒரு சொல்லும், இரண்டு வயதில் "அம்மா வா" போல இரண்டு சொற்கள் சேர்ந்தும் வராவிட்டால்.

சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் எந்த வயதிலாவது இல்லாமல் போனால்.

முக்கியமாக ஒன்று. காது கேளாத பிள்ளையும் முதல் மாதங்களில் "ஆ", "ஊ" என்று சத்தம் போடும், சிரிக்கும். ஆகவே "சத்தம் போடுது, காது கேக்குது" என்று நாங்களே முடிவு செய்ய முடியாது. ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குக் கிளினிக் போகும் நாள் இதைக் கேட்டறிய நல்ல நாள். யாழ். போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அங்கிருந்து அனுப்பி வைப்பார்கள். முந்திக் கண்டுபிடித்தால் செவிப்புலன் கருவியும் பயிற்சியும் முந்திக் கிடைக்கும். கைதடி நுஃபீல்ட் பாடசாலையில் எத்தனையோ பிள்ளைகள் படித்து முன்னேறியிருக்கிறார்கள். சைகை மொழி பேசும் பெற்றோரிடம் வளரும் காது கேளாப் பிள்ளைகள் தங்கள் கைகளாலேயே மழலை பேசுகின்றன என்று 1991இல் கனடாவில் கண்டறிந்தார்கள். பேசும் வழி எதுவாயினும் பிள்ளைக்கு மறுமொழி வேண்டும்.

இம்மாதம் ஒரு சிறு வேலை. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அதன் முகத்தைப் பாருங்கள். அது ஏதாவது சொன்னால் அதையே திருப்பிச் சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருந்து அதன் முறை வரட்டும் என்று விடுங்கள். பாட்டு வராவிட்டாலும், கதைக்க மனம் இல்லாவிட்டாலும், "ம்… சொல்லுங்கோ" என்ற ஒரு சொல் போதும். முதற் சொல் வந்ததும் அதையும் திகதியையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எங்கள் பலருக்குக் குழந்தைக் காலப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் சொன்ன முதற் சொல்லாவது மிஞ்சட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.