விகுதியில் இருக்கிறது சாதி

கணினி இலக்கியம் படிக்குமா என்று கேட்டால் நம் தோழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். 'எந்திரத்துக்கு வலி தெரியுமா, அது எப்படிய்யா கவிதை படிக்கும்' என்பது ஒரு கட்சி. 'எந்திரத்துக்குச் சாதி கிடையாது, மேல்சாதி விமர்சகனுக்கு அது எவ்வளவோ தேவலை' என்பது இன்னொரு கட்சி. ஆய்வு மாணவர்களிடம் இந்த இரண்டாவது கட்சிக்குத்தான் இப்போது செல்வாக்கு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நுண்வாசிப்பு என்ற பெயரில் நம்மை என்ன பாடு படுத்தினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர்களின் பெயரை நீக்கிவிட்டுக் கவிதைகளை மட்டும் மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அதை வைத்து 1929இல் ஒரு புத்தகம் போட்டார். பெயர் வேண்டாம், வரலாறு வேண்டாம், பிரதி மட்டும் போதும் என்று அதிலிருந்து ஒரு பள்ளியே கிளம்பியது. அது இங்கே வந்து சேர்ந்தபோது 'கலை அமைதி', 'வடிவ நேர்த்தி' என்று வேஷம் கட்டிக்கொண்டது. தொண்ணூறுகளில் தலித் எழுத்து வந்தபோது, பெயரைப் பார்க்காமல் பிரதியை மட்டும் பார்க்கிறோம் என்றவர்கள்தான் 'கொச்சை', 'பிரச்சாரம்', 'வெறும் புலம்பல்' என்று தீர்ப்பு எழுதினார்கள். ஒரு வரியை உன்னிப்பாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு அந்த வரிக்குள் கிடக்கும் சேரி தெரியாமல் போனது எப்படி? நுண்வாசிப்பு குற்றமற்றது என்று நம்மால் சொல்ல முடியாது.

அதனால்தான் இத்தாலியரான ஃபிராங்கோ மொரெட்டி 2000இல் முன்வைத்த 'தொலைவாசிப்பு' நம் காதுக்கு இனிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாவல்களில் இன்று மதிக்கப்படுபவை 200 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அச்சானவற்றில் அது அரை சதவீதம்தான் என்கிறார். மீதி 99.5 சதவீதத்தை யார் படிப்பது? ஒரு ஆயுளில் முடியாது. எண்ணு, வரைபடம் போடு, தூரத்தில் நின்று பார் என்கிறார். விலக்கப்பட்டதைக் கணக்கில் கொண்டுவா என்கிறவனோடு நமக்கு என்ன சண்டை? ஆனால் அவருடைய 99.5இல் நுழையவும் ஒரு நிபந்தனை உண்டு: அச்சேறியிருக்க வேண்டும். ஒப்பாரி அச்சேறியதா? நடவுப் பாட்டு?

இது தெரிந்த குறை. பலரும் பேசியாகிவிட்டது. தமிழுக்கே உரிய ஒரு குறை இருக்கிறது. அதை யாரும் பேசக் காணோம்.

கணினியிடம் ஒரு நாவலைக் கொடுத்துச் சொற்களை எண்ணச் சொல்வதற்கு முன் இரண்டு வேலை செய்வது வழக்கம். ஒன்று, விகுதிகளை வெட்டி வேர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொள்வது. 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்', 'வந்தது' நான்கும் 'வா' என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடும். இரண்டாவது, 'பொருளற்ற' சின்னச் சொற்களை நீக்குவது. 'ஒரு', 'என்று', 'மற்றும்' என்று போகிற அந்தப் பட்டியல்களில் 'அவன்', 'அவர்', 'அது' எல்லாம் இருக்கும். அடிக்கடி வரும், அதனால் அர்த்தம் இல்லையாம்.

ஒரு தமிழ் நாவலில் சாதி வேறு எங்கே இருக்கிறது? பறையன், பள்ளன், சக்கிலியன் என்று எழுதிய இடத்தில் மட்டுமா? அறுபது வயதுக் கிழவரைப் பண்ணையார் வீட்டுப் பள்ளிக்கூடப் பையன் 'வாடா' என்கிறான். கிழவர் 'வாரேன் சின்னய்யா' என்கிறார். அந்த 'டா'விலும் 'சின்னய்யா'விலும் ஊரும் சேரியும் நிலமும் கூலியும் அடக்கம். கதை சொல்கிற ஆசிரியரே பண்ணையாருக்கு 'வந்தார்' போடுவார், கிழவருக்கு 'வந்தான்' போடுவார். முற்போக்கு நாவல்களில் தேடிப் பாருங்கள், கிடைக்கும். அனுதாபம் கதையில் இருக்கும், சாதி விகுதியில் இருக்கும். வெட்டி எறிவது அந்த விகுதியைத்தான். பண்ணையார் வந்தார், கிழவன் வந்தான், கணினிக்கு 'வா' இரண்டு. சாதி ஒழிந்தது!

வெட்டாமல் விட்டால் மட்டும் போதுமா? போதாது. டீக்கடையில் கூட்டாளி 'வாடா மாப்ளே' என்பதும் அதே 'டா'தான். 'சாமி' என்ற சொல்லைத் தனியாக எண்ணினால் கோயிலில் இருக்கும் சாமியும் களத்துமேட்டில் நிற்கும் சாமியும் ஒன்று. பெண்ணைப் பற்றி 'அது வந்துச்சு' என்பது ஒரு வாயில் பிரியம், இன்னொரு வாயில் இளக்காரம். யார் யாரிடம், எங்கே நின்று சொன்னது என்று தெரியாமல் இதை வாசிக்க முடியாது. இது புலமை சார்ந்த விஷயமே இல்லை. இந்த 'டா'வை வாங்கிய காது ஒரே கேட்பில் பிரித்துவிடும். எந்த விமர்சனப் பள்ளியிலும் படிக்காத நம் பாட்டிமார்தான் இந்த வகையில் பெரிய நுண்வாசகர்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் துறையைத் தொடங்கியவருக்குச் சின்னச் சொல்லின் அருமை தெரிந்திருந்தது. இத்தாலியப் பாதிரியார் ரொபெர்த்தோ பூசா, தாமஸ் அக்வினாஸின் எழுத்தில் 'இருப்பு' என்ற கருத்தைத் தேடிப் போனார். அந்தப் பெயர்ச்சொல்லில் அது அகப்படவில்லை. நம்முடைய 'இல்' மாதிரி லத்தீனில் இருக்கும் 'இன்' என்ற சின்னச் சொல்லில்தான் விஷயம் இருந்தது. அதற்காக எல்லாச் சொல்லையும் அட்டவணையாக்க 1949இல் ஐபிஎம் கம்பெனியின் உதவி கேட்டுப் போனார். முடிவில் 56 தொகுதிகள் அச்சாயின. கல்லராத்தே ஊரில் அதற்கு அட்டைகளில் துளை போட்டவர்கள் இளம்பெண்கள். புகழ் பாதிரியாருக்கு, துளை போட்டவர்களுக்கு அடிக்குறிப்பு. உழைப்புப் பிரிவினை பற்றி நமக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இப்படியெல்லாம் சொல்வதால் எண்ணுவதே ஆகாது என்கிற முதல் கட்சிக்கு நான் ஆள் சேர்க்கவில்லை. அண்ணல் எண்ணினார். 1946இல் வந்த 'சூத்திரர்கள் யார்?' நூலை எடுத்துப் பாருங்கள். ரிக் வேதத்தில் குறில் 'அர்ய' 88 இடங்களில், நெடில் 'ஆர்ய' 31 இடங்களில் என்று கணக்கு வைக்கிறார். ஒரு இடத்தில்கூட இனம் என்ற பொருள் இல்லை என்று காட்டுகிறார். எதிராளியின் புத்தகத்தை எதிராளியைவிட முழுசாக எண்ணியவன் பேச்சு அது.

அதோடு நிற்கவில்லை. 'அனாச' என்ற சொல் ஐந்தாம் மண்டலத்தில் ஒரே ஒரு இடத்தில் தஸ்யுக்களைக் குறித்து வருகிறது. மாக்ஸ் முல்லர் அதை அ-நாச என்று பிரித்து 'மூக்கில்லாதவர்' என்றார். சப்பை மூக்குப் பூர்வகுடி என்று ஒரு இனக் கோட்பாடே இதன்மேல் நின்றது. சாயனர் அதையே அன்-ஆச என்று பிரித்து, வாய் இல்லாதவர், அதாவது நல்ல பேச்சு இல்லாதவர் என்றார். அண்ணல் சாயனர் பக்கம் நிற்கிறார். (பழைய வைதிக உரைகாரர் ஆயிற்றே என்று பார்க்கவில்லை, ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்தார்.) பேச்சைப் பழிக்கும் 'ம்ருத்ரவாக்' என்ற அடைமொழி தஸ்யுக்களுக்கு நான்கு இடங்களில் வருகிறது, மூக்கைப் பற்றி வேறெங்கும் பேச்சில்லை என்பது அவர் வாதம். 88, 31, 4, 1. எண்ணிக்கையும் நுண்வாசிப்பும் ஒரே கையில் இருக்கின்றன. ஒரே ஒரு முறை வருகிற சொல்லைக் கணினி ஆய்வுகளில் பெரும்பாலும் வடிகட்டிவிடுவார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய செயற்கை நுண்ணறிவு விகுதியை வெட்டுவதில்லையே என்று ஒரு தம்பி கேட்டார். வாஸ்தவம். ஆனால் அது எதைப் படித்து வளர்ந்தது? 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றியதெல்லாம் பெரிய தொண்டு, மறுக்கவில்லை. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' எவ்வளவு ஏறியிருக்கிறது? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்'? வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்குக் கூட்டல் மேல் பகையில்லை. கடன் வாங்கியவர் பட்டியலைக் கூட்டினால் தொகை சரியாகத்தான் வரும். விண்ணப்பமே கொடுக்காமல் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவன் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டான், அவ்வளவுதான்.

செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பாடத்திட்டத்தில் இருக்கும் இருபது நாவல்களை எடுப்போம். ஒவ்வொரு விளியையும் கையால் குறிப்போம்: யார் சொன்னது, யாரிடம், என்ன விகுதி, என்ன பதில் வந்தது. ஆசிரியர் யாருக்கு 'ஆர்' போட்டார், யாருக்கு 'ஆன்' போட்டார் என்பது தனி வரிசை. இதை ஊர்க்காது உள்ளவர்கள் உட்கார்ந்து செய்ய வேண்டும். அதற்குப் பிறகு கணினியிடம் கொடுத்து எண்ணச் சொல்லலாம். விகுதியை வெட்டாத நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். முதலில் தஞ்சை வட்டார நாவல்களை எடுக்கலாம். 'ஆண்டே' அங்கேதான் அதிகம் கிடைக்கும்.