514-ஐ அப்படியே எழுதாதீங்கய்யா!

பொட்டி தட்டுற மக்களே, ஆக்டிவ் டைரக்டரியில ஒருத்தர் கணக்கை முடக்கணும்னா 514-னு எழுதிட்டுப் போயிடுறீங்க. விண்டோஸ் 2000 காலத்துலேர்ந்து இதே கதைதான். யூசர்அக்கவுண்ட்கண்ட்ரோல் பாக்க ஒரு எண்தான். உள்ள பல சுவிட்ச். 512 சாதாரணக் கணக்கு, 2 முடக்கம், 65536 கடவுச்சொல்லுக்குக் காலாவதி கிடையாது.

66048-ல இருக்குற சர்வீஸ் கணக்குல 514 எழுதி முடக்கி, அப்புறம் 512 எழுதித் திறந்தா 65536 போயே போச்சு. பழைய கடவுச்சொல் காலாவதியாகி, ராத்திரி பேக்கப் படுத்துரும். திட்டு மட்டும் மதுரையில நைட் ஷிஃப்ட் பாக்குற பையனுக்கு!

2-ஓட எக்ஸார் போடுறது அதைவிட மோசம். ஸ்கிரிப்ட் ரெண்டு தடவை ஓடினா, வேலையை விட்டுப் போனவர் கணக்கு திரும்பத் திறந்துக்கும்.

முதல்ல இருக்குற மதிப்பைப் படிங்க. முடக்க, 2-ஓட ஆர். திறக்க, நாட் 2-ஓட ஆண்ட். அம்புட்டுதேன். ஒரு கடை விளக்கை அணைக்க மாட்டுத்தாவணி மொத்தத்துக்கும் ஃப்யூஸைப் புடுங்குவீங்களா?